ஷாமா: முதலில் கேட்டவர்

'ஷெமா', அதாவது 'கேள்' என்ற எபிரெயச் சொல்லைப் பற்றி யார் பேச வந்தாலும் வேதாகமத்தில் உபாகமம் 6:4-இல்தான் தொடங்குவார்கள். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்." யூதர்கள் காலையிலும் மாலையிலும் சொல்லும் வசனம் அது. பிரதான கற்பனை (கட்டளை) எது என்று வேதபாரகன் ஒருவன், அதாவது யூத வேத அறிஞன், கேட்டபோது இயேசு முதலில் சொன்னதும் இதையே என்று மாற்கு எழுதுகிறார். அங்கே தொடங்குவதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அங்கேயே தொடங்கி அங்கேயே முடித்துவிட்டால், அந்தச் சொல் வெறும் உத்தரவாக மனதில் தங்கிவிடுகிறது. மேலே இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவன் கேட்டு நடக்க வேண்டும், அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது. பல வருடங்களாக எபிரெய வேதாகமத்தை மெதுவாக, எழுத்துக்கூட்டி வாசித்து வருகிறவன் என்ற முறையில், இந்தச் சொல்லை வேறொரு வாசல் வழியாகப் பார்க்கும்படி உங்களை அழைக்கிறேன். ஆதியாகமம் 16-ஆம் அதிகாரம். ஆகாரின் கதை.

அந்த அதிகாரத்தில் முதலில் கேட்கிறவன் ஆபிராம், பிற்பாடு ஆபிரகாம் ஆனவன். தன் அடிமைப்பெண்ணான ஆகாரைச் சேரும்படி அவன் மனைவி சாராய் (பிற்பாடு சாராள்) சொல்கிறாள். ஆபிராம் அவள் வார்த்தைக்குச் செவிகொடுக்கிறான். ஆகாரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கர்ப்பமானதும் வீட்டில் சண்டை வருகிறது. சாராய் அவளைக் கடினமாக நடத்துகிறாள். ஆகார் ஓடிப்போகிறாள். சூருக்குப் போகும் வழியில், ஒரு நீரூற்றின் பக்கத்தில், கர்த்தருடைய தூதன் அவளைக் கண்டு சொல்கிறான்: "கர்த்தர் உன் அங்கலாய்ப்பைக் கேட்டபடியினால், அவனுக்கு இஸ்மவேல் என்று பேரிடுவாயாக."

எபிரெயத்தில் அந்தப் பெயர் யிஷ்மாஏல். 'யிஷ்மா' என்றால் கேட்கிறார், கேட்பார். 'ஏல்' என்றால் தேவன். கேட்பதைக் குறிக்கும் ஷாமா என்ற வினையிலிருந்து ('ஷெமா' அதன் ஏவல் வடிவம்) வேதாகமத்தில் முதல் முதலாகப் பிறக்கும் மனிதப் பெயர் இது. அது இஸ்ரவேலின் முற்பிதாவுக்குக் கிடைக்கவில்லை. எகிப்திலிருந்து வந்த ஓர் அடிமைப்பெண்ணின் வயிற்றில் இருந்த பிள்ளைக்குக் கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மொழிபெயர்ப்பு 'அங்கலாய்ப்பு' என்கிறது. அதை வாசிக்கும்போது ஆகார் வாய்விட்டுப் புலம்பினாள் என்று தோன்றும். மூலத்தில் இருப்பது 'ஒனி'. ஒடுக்கப்பட்டிருக்கும் நிலை, சிறுமை என்று பொருள். சாராய் அவளை ஒடுக்கினாள் என்று சில வரிகளுக்கு முன்னால் வரும் வினையோடு உறவுள்ள சொல். இந்த அதிகாரத்தில் ஆகார் ஜெபிக்கவும் இல்லை, அழுததாகவும் எழுதப்படவில்லை. சிறுமைக்குச் சத்தம் கிடையாது. ஆனாலும் கர்த்தர் அதைக் 'கேட்டார்'.

21-ஆம் அதிகாரத்தில் இது இன்னும் நுட்பமாகிறது. ஆகாரும் பையனும் வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிறார்கள். துருத்தியில் இருந்த தண்ணீர் தீர்ந்துவிடுகிறது. பிள்ளையை ஒரு செடியின் கீழே விட்டுவிட்டு, அது சாவதைப் பார்க்க மாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுகிறாள். அந்தப் பகுதி முழுவதிலும் பையனின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. ஆகாரின் மகன், பிள்ளை, சிறுவன் என்றே கதை போகிறது. பிறகு வருகிறது அந்த வரி: தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார். 'வய்யிஷ்மா எலோஹிம்'. யிஷ்மா, எலோஹிம். வெளியே தள்ளப்பட்ட பையனின் பெயரைக் கதை சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது. தேவன் கேட்ட அந்த இடத்தில் அதே பெயர் வாக்கியமாக விரிந்து நிற்கிறது. முதல் முறை அதைக் கண்டபோது அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதே வேரிலிருந்துதான் சிமியோன் வருகிறான். யாக்கோபின் மனைவி லேயாள், தான் அற்பமாய் எண்ணப்பட்டதைக் கர்த்தர் கேட்டார் என்று சொல்லித் தன் மகனுக்கு வைத்த பெயர். இங்கேயும் கேட்கப்பட்டவள் வீட்டில் தள்ளிவைக்கப்பட்டவள்தான்.

சொல்லின் பிறப்பைப் பற்றிக் கொஞ்சம். ஷீன், மேம், அயின் என்ற மூன்று மெய்கள் சேர்ந்த வேர். எபிரெய வேதாகமத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை வருகிறது. அது எபிரெயருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. அரபியில் ஸமிஅ, அக்காதியத்தில் ஷெமூ. அரமேயம், உகாரித்தியம், எத்தியோப்பியாவின் கெயெஸ் என்று செமித்தியக் குடும்பம் முழுவதும் இது உண்டு. இணையத்தில் ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது: ஷீன் என்றால் பல், மேம் என்றால் தண்ணீர், அயின் என்றால் கண், இந்தப் படங்களைச் சேர்த்தால் ஷெமாவின் 'ரகசிய அர்த்தம்' கிடைக்கும் என்று. தயவுசெய்து நம்பாதீர்கள். எபிரெய எழுத்து பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே பாபிலோன் பக்கத்தில் இதே சொல்லை ஆப்பெழுத்தில் களிமண் பலகைகளில் எழுதினார்கள். அங்கே பல்லும் இல்லை, தண்ணீரும் இல்லை. சொல் முந்தியது, எழுத்து பிந்தியது.

கடைசி எழுத்தான அயினின் ஒலி தமிழில் கிடையாது. தொண்டையின் அடியை இறுக்கிச் சொல்ல வேண்டிய மெய். அரபி பேசுகிறவர்களுக்கும் யெமன் வழி வந்த யூதர்களுக்கும் அது இயல்பாக வரும். இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலானோர் அதை விட்டுவிட்டார்கள். நாம் 'ஷாமா', 'ஷெமா' என்று எழுதும்போது அந்த ஒலி காணாமல் போகிறது. முந்தைய ரபிகளுக்கு, அதாவது யூத வேத ஆசிரியர்களுக்கு, இது பெரிய கவலை. ஆலெப் என்ற முதல் எழுத்தையும் அயினையும் மாற்றிச் சொல்கிறார்கள் என்பதற்காக பெத்செயான், ஹைஃபா, திவோன் ஊர்க்காரர்களைச் சபையில் முன்நின்று ஜெபம் நடத்த விடக்கூடாது என்று ரபிகளின் வாதங்களைத் தொகுத்த தல்மூதின் மெகில்லா பகுதி சொல்கிறது. தோரா சுருள்களில் உபாகமம் 6:4 எழுதும்போது 'ஷெமா'வின் அயினையும், 'ஒருவரே' என்பதற்கான 'எஹாத்' சொல்லின் கடைசி எழுத்தான தாலெத்தையும் மட்டும் பெரிதாக எழுதுவார்கள். அயின் தவறி ஆலெப் ஆகிவிட்டால், பிற்கால எபிரெயத்தில் அது 'ஒருவேளை' என்று பொருள்படும். கேள் என்ற இடத்தில் ஒருவேளை வந்து உட்கார்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் பெரிய எழுத்து என்று விளக்குகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு எழுத்தையும் சேர்த்தால் 'சாட்சி' என்ற சொல் வருகிறது என்பார்கள் வேறு சிலர்.

இனி பொருளுக்கு வருவோம். காதில் விழுவது, கவனித்துக் கேட்பது, விளங்கிக்கொள்வது, சொன்னபடி செய்வது எல்லாவற்றுக்கும் ஷாமா ஒன்றே. பாபேலில் ஒருவர் பேச்சை ஒருவர் அறியாதபடிக்குப் பாஷையைத் தாறுமாறாக்குவோம் என்று வரும் இடத்தில் மூலத்தில் இருப்பது ஷாமா. அவர்கள் செவிடாகவில்லை, காதில் விழுந்தது விளங்கவில்லை. எகிப்தில் யோசேப்பின் சகோதரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நடுவில் துபாசி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்கிறவன், இருப்பதால், தாங்கள் சொன்னது யோசேப்புக்கே தெரியும் என்று அவர்கள் அறியவில்லை. அந்தத் 'தெரியும்' என்பதும் ஷாமா.

கீழ்ப்படிதல் என்ற பொருளும் மிகப் பழையது. 1868-இல் இன்றைய யோர்தானில் உள்ள தீபானில் கிடைத்த மோவாபிய அரசன் மேஷாவின் கல்வெட்டு, கிறிஸ்துவுக்கு முன் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, தீபோன் முழுவதும் தனக்கு 'மிஷ்மாஅத்' என்கிறது. அதாவது தனக்கு அடங்கிய ஊர். கேட்டல் என்ற வேரிலிருந்து வந்த அடக்கம். இன்றைய எபிரெயத்தில் அதே சொல் ஒழுங்குக் கட்டுப்பாட்டைக் குறிக்கிறது. 'அர்த்தம்' என்பதற்கான 'மஷ்மாஊத்' என்ற சொல்லும் இந்த வேர்தான்.

பல பிரசங்கிமார் இந்த இடத்தில் ஒரு படி தாண்டிப் போகிறார்கள். எபிரெய மனதில் கேட்பதும் கீழ்ப்படிவதும் ஒன்று, உலகத்தில் வேறு எந்தப் பாஷைக்கும் இல்லாத சிறப்பு என்பார்கள். அப்படி இல்லை. லத்தீனில் கீழ்ப்படிவதற்கான சொல்லே கேட்பதிலிருந்து பிறந்தது. கிரேக்கத்திலும் அப்படியே. நம் வீடுகளில் 'சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறானே' என்று அம்மா குறைபடும்போது பிள்ளையின் காதை யாரும் சோதிப்பதில்லை. கேள் என்ற நம் வினை இதற்கும் மேலே போய், வினவுவதையும் வேண்டுவதையும் சேர்த்துச் சுமக்கிறது. அன்னாள் தன் மகனுக்குச் சாமுவேல் என்று பெயரிட்டு, கர்த்தரிடத்தில் அவனைக் கேட்டேன் என்கிறாளே, அங்கே எபிரெயத்தில் 'ஷாஅல்' என்ற வேறொரு வினை இருக்கிறது; வேண்டினேன் என்று பொருள். அந்தப் பிள்ளைதான் பிற்பாடு இரவில் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்று ஷாமாவைச் சொல்கிறது. மூலத்தில் இரண்டு வினை, தமிழில் ஒரே வினை. அன்னாள் கேட்டாள், கர்த்தர் கேட்டார், பிள்ளை கேட்டது என்று நம்மால் ஒரே மூச்சில் சொல்ல முடிகிறது. இந்த ஓர் இடத்தில் தமிழ் வாசகனுக்குக் கிடைப்பது எபிரெய வாசகனுக்கே கிடைக்காது என்று நினைக்கிறேன்.

கீழ்ப்படிதல் என்ற பொருள் ஷாமாவுக்கு அதிகமாக ஒரு துணையோடு வருகிறது. 'கோல்' என்ற சொல்: குரல், சத்தம். ஒருவருடைய குரலுக்குக் கேட்பது என்றால் அவர் சொன்னபடி செய்வது. நான் மிகவும் வருத்தப்படும் இடம் இதுதான். ஆதியாகமம் 3:17-இல் ஆதாமிடம், நீ உன் மனைவியின் குரலுக்குக் கேட்டாய் என்று குற்றம் சாட்டப்படுகிறது. அந்த வசனத்தை வைத்து, மனைவி பேச்சைக் கேட்டால் இந்தக் கதிதான் என்று பிரசங்கம் செய்ததை நான் பல பீடங்களிலிருந்து கேட்டிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் ஆதியாகமம் 21:12-க்கு வருவதே இல்லை. அங்கே தேவனே ஆபிரகாமிடம், சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள் என்கிறார். மூலத்தில் 'ஷெமா பெகோலாஹ்', அவள் குரலுக்குக் கேள். அதே வினை, அதே 'கோல்'. இந்த முறை அது தேவ கட்டளை. ஆதாமின் குற்றம் பெண்ணின் பேச்சைக் கேட்டது என்றால் ஆபிரகாமுக்கு அதையே கட்டளையாகக் கொடுத்திருக்க முடியாது. எந்தப் பேச்சு, எந்த நேரத்தில், எதற்கு எதிராக என்பதுதான் கேள்வி. ஒரு வசனத்தை எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது கேட்கிறவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அதற்காக ஆபிரகாம் கேட்டது எளிதாக முடிந்தது என்றும் சொல்லவில்லை. சாராள் கேட்டது ஆகாரையும் பிள்ளையையும் துரத்தும்படி. வேதாகமம் இந்த முடிச்சை அவிழ்த்து நம் கையில் கொடுப்பதில்லை.

இந்தச் சொல் ஒரு முழு அதிகாரத்தையும் தாங்கிப் பிடிப்பதைப் பார்க்க வேண்டுமானால் 1 சாமுவேல் 15-ஐ வாசியுங்கள். அமலேக்கியரைப் பிள்ளை குட்டிகளோடு அழிக்கும்படி ராஜாவாகிய சவுலுக்குக் கட்டளை வருகிற அதிகாரம். அந்தக் கட்டளை எனக்கு இன்றும் பாரமாகவே இருக்கிறது. எந்த விளக்கவுரையும் அதை இறக்கிவைத்ததில்லை. சொல்லாட்சியை மட்டும் இங்கே பார்க்கிறேன். முதல் வசனத்தில் சாமுவேல் சவுலிடம், கர்த்தருடைய வார்த்தைகளின் 'கோல்'-க்குக் கேள் என்கிறார். நாலாம் வசனத்தில் சவுல் ஜனங்களைத் திரட்டுகிறான். 'திரட்டினான்' என்ற இடத்திலும் ஷாமாவே நிற்கிறது, 'கேட்கச் செய்தான்' என்ற வடிவத்தில். போர் முடிந்து, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சவுல் சந்தோஷமாக எதிரே வருகிறான். சாமுவேல் கேட்கிறார்: அப்படியானால் என் காதில் விழுகிற இந்த ஆடுகளின் 'கோல்' என்ன, எனக்குக் கேட்கிற இந்த மாடுகளின் 'கோல்' என்ன?

கேட்கச் சொன்னது கர்த்தருடைய குரலுக்கு. இப்போது கேட்பது ஆடுமாடுகளின் குரல். அழித்துவிட்டேன் என்று சொன்னவைகள் பின்னால் நின்று கத்துகின்றன. அதன் பிறகு சாமுவேல், நீ ஏன் கர்த்தருடைய குரலுக்குக் கேட்கவில்லை என்கிறார். சவுல், கேட்டேனே என்கிறான். "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும்" என்று நாம் மனப்பாடம் செய்த வசனம் அங்கே வருகிறது. அந்தக் 'கீழ்ப்படிதல்' ஷாமாதான். கடைசியில் சவுல் உண்மையை ஒத்துக்கொள்கிறான்: ஜனங்களுக்குப் பயந்து அவர்களுடைய குரலுக்குக் கேட்டேன். அவனும் கேட்டவன்தான். வேறொரு குரலுக்குக் கேட்டான். தமிழில் இந்த ஒரே சொல் கேட்டல், கூட்டுதல், கீழ்ப்படிதல் என்று பிரிந்துவிடுவதால் இந்தச் சங்கிலி கண்ணுக்குத் தெரிவதில்லை. மொழிபெயர்த்தவர்கள் மேல் குற்றம் இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனாலும் ஒருமுறை இந்தச் சொல்லை ஒவ்வொரு வசனத்திலும் பென்சிலால் கோடிட்டு வாசித்துப் பாருங்கள்.

சாலொமோனையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கிபியோனில் அவன் கேட்டது "ஞானமுள்ள இருதயம்" என்று நமக்குத் தெரியும். மூலத்தில் அது 'லேவ் ஷோமேஅ', கேட்கிற இருதயம். நியாயம் விசாரிக்க உட்காரும் ராஜா முதலில் வேண்டிக்கொண்டது இதைத்தான்.

இப்போது உபாகமம் 6:4-க்குத் திரும்பலாம். யூத மரபில் 'ஷெமா' சொல்லும்போது வலது கையால் கண்ணை மூடிக்கொள்வார்கள். மிஷ்னா என்ற பெரிய சட்டத்தொகுப்பு தொடங்குவதே, மாலையில் ஷெமாவை எந்த நேரத்திலிருந்து சொல்லலாம் என்ற கேள்வியோடுதான். அதே பகுதியில் சற்றுத் தள்ளி ஒரு வாதம் வருகிறது. ஒருவன் ஷெமாவைச் சொல்கிறான், ஆனால் தன் காதுக்கே கேட்காதபடி சொல்கிறான். அவன் கடமை நிறைவேறியதா? நிறைவேறியது என்பது ஒரு கருத்து. ரபி யோசே மறுக்கிறார்: நிறைவேறவில்லை. கேள் என்று சொல்லும் வாயைச் சொல்கிறவனின் காதே கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கு யோசேயின் பக்கம்தான் பிடிக்கும்.

எந்தப் பாஷையில் சொல்வது என்ற வாதமும் உண்டு. எழுதியிருக்கிறபடி எபிரெயத்தில் மட்டும் என்றார் ரபி யூதா என்ற தலைவர். மற்ற அறிஞர்கள் 'ஷெமா' என்ற சொல்லையே ஆதாரமாகக் காட்டினார்கள்: நீ கேட்கிற எந்தப் பாஷையிலும், அதாவது உனக்கு விளங்குகிற எந்தப் பாஷையிலும் சொல்லலாம். பாபேலில் பறிபோன அந்த 'விளங்குதல்' இங்கே அனுமதியாகத் திரும்பி வருகிறது. தமிழில் "இஸ்ரவேலே, கேள்" என்று வாசிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது நெருக்கமான வரி.

கட்டளை நம் பக்கம் வருகிற அளவுக்கு எதிர்ப்பக்கமும் போகிறது என்பதைக் காட்ட யாத்திராகமத்தில் இரண்டு இடங்கள் போதும். 19:5-இல் சீனாய் மலையடியில், என் குரலுக்கு நன்றாகக் கேட்பீர்களானால் என்று வருகிறது. 'ஷாமோஅ திஷ்மெஊ' என்று வினையை இரட்டித்து அழுத்தம் கொடுக்கும் வடிவம். மூன்று அதிகாரம் தள்ளி, விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்காதே, அவர்கள் என்னை நோக்கி முறையிட்டால் நிச்சயமாய்க் கேட்பேன் என்று வருகிறது: 'ஷாமோஅ எஷ்மா'. அதே இரட்டிப்பு. ஜனத்திடம் எந்த அழுத்தத்தோடு கேட்கச் சொன்னாரோ அதே அழுத்தத்தோடு தாமும் கேட்பதாகச் சொல்கிறார். அதைத் தொடர்ந்து ஒரு துணியைப் பற்றிய சட்டம். பிறனுடைய வஸ்திரத்தை அடகாக வாங்கினால் பொழுது போகுமுன் திருப்பிக் கொடுத்துவிடு. அது ஒன்றுதான் அவன் போர்வை, வேறு எதைப் போர்த்துப் படுப்பான்? அவன் என்னிடம் முறையிட்டால் நான் கேட்பேன்.

இந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் இருந்ததா, ஜனங்களின் வாயிலும் இருந்ததா? 1960-இல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையில் யாவ்னே-யாம் அருகே மெத்ஸாத் ஹஷவ்யாஹு என்ற சிறு கோட்டையின் இடிபாடுகளில் ஓர் ஓடு கிடைத்தது. மண்பானைச் சில்லின் மேல் மையால் எழுதிய பழைய எபிரெயம். கிறிஸ்துவுக்கு முன் 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, யோசியா ராஜாவின் காலத்தை ஒட்டியது என்பார்கள். அறுவடைக் கூலியாள் ஒருவன் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. அவன் பெயர் அதில் இல்லை. மனுவின் முதல் சொல் 'யிஷ்மா'. என் ஆண்டவனாகிய அதிகாரி தன் ஊழியனின் வார்த்தையைக் கேட்பாராக.

ஊழியன் அறுத்துக்கொண்டிருந்தேன், அறுத்து முடித்துச் சேர்த்து வைத்தேன் என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறான். எழுத்தன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் பதற்றமாகச் சொல்லச் சொல்ல எழுதியது போல இருக்கிறது வாக்கியங்களின் ஓட்டம். ஷோபாயின் மகன் ஹோஷயாஹு வந்து என் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்கிறான். சுட்டெரிக்கும் வெயிலில் என்னோடு அறுத்த என் சகோதரர் எல்லாரும் எனக்காகச் சாட்சி சொல்வார்கள். நான் குற்றமற்றவன், என் துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். குற்றம் உண்டென்று நினைத்தாலும் இரக்கம் காட்டுங்கள் என்கிற மாதிரி அடுத்த வரிகள் போகின்றன. அதற்குப் பிறகு ஓடு சிதைந்திருக்கிறது. கர்த்தர் பெயரையோ சட்டத்தின் வாசகத்தையோ வாசிக்கக் கிடைக்கும் பகுதியில் அவன் எடுத்துக்காட்டவில்லை. கேளுங்கள் என்று மட்டும் தொடங்கினான். அதிகாரி என்ன பதில் சொன்னார் என்பதற்கு ஓடு எதுவும் கிடைக்கவில்லை.